ஹெட் போல்ட்

தண்ணீர்ச் சொட்டு மறுபடியும் விழுந்தது.

டிராக்டர் என்ஜினுக்கு அடியில் விரித்திருந்த காலண்டர் தாளில், அச்சாபீசில் கழித்துப்போட்ட ஒரு சித்திரை மாதத்தின் மேல், அது மெல்லப் பரவியது.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டும் கீழ்ப்பாகமான பிளாக்கும் சேருகிற இடத்திலிருந்துதான். எப்போதும் அங்கேயிருந்துதான்.

பொன்னுத்தங்கம் என்ஜினை அணைத்தாள்.

வாசலில் நின்ற, பழைய இரும்பு ஏற்றும் தன் லாரியில் சாய்ந்தபடி ஊர்க்காவலன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரம் இல்லை. பழைய இரும்பு எங்கே ஓடிவிடப் போகிறது.

"பிளாக்குல கீறல், தாயி. இது ஆசுபத்திரி கேசு இல்ல, நேரா சுடுகாடுதான்."

"வாயக் களுவுங்க அண்ணாச்சி," என்றான் அவள் புருஷன் சங்கிலிமுத்து. "இது ஓடாதுன்னு எங்க அண்ணன் சொன்ன பேச்சக் கேட்டு விடிஞ்சதும் விடியாம வந்துட்டீக."

ஆனால் அவன் குரலில் தெம்பு இல்லை.

வேலிக்கருவை முட்புதருக்குள் பாதி புதைந்து கிடந்த வண்டி. அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே உழுதது. இழுத்து வந்து, குழாயை மாற்றி, தண்ணீர் பம்பைப் பிரித்துப் பூட்டி, விருதுநகர் லேத்தில் ஹெட்டைத் தேய்த்து வாங்கி, கசியாமலிருக்க நடுவே புது கேஸ்கெட் தகடு போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அவளே இறுக்கியிருந்தாள். வேறு யாரையும் ஸ்பேனரைத் தொட விட்டதில்லை.

மழை பெய்து, ஆனைக்குட்டம் பக்கம் கரிசல் உழவுக்குக் காத்துக் கிடந்தது. இன்றைக்கு இந்தச் சொட்டு நின்றால், குத்தகை நிலத்தில் நாளையே உழவு. நிற்காவிட்டால் வண்டி லாரியில் ஏறும். அவள் திங்கட்கிழமை பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறுவாள், பழையபடி வெடிக்கு மருந்து செலுத்த.

அவள் ஸ்பேனரைச் சாக்கின் மேல் வைத்தாள்.

"பச்சப்பிள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரில்ல வைக்கீக!" ஊர்க்காவலன் சிரித்தார். "ஒரு சத்தம் கேக்கலியே. இரும்புதான தாயி, அதுக்கு வலிக்காது."

அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள்.

தன் வலது கையைப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மருந்து அறையில் பழகிய கை. தட்டாதே. உரசாதே. இழுக்காதே. பித்தளைக் கரண்டியைக்கூட மூச்சு விடுவதுபோல வை. எங்காவது ஒரு கிறீச் கேட்டால், போட்டது போட்டபடி வெளியே ஓடு.

ஒவ்வொரு போல்ட்டும் இறுகும்போது ஒரு கிறீச் கேட்கும். கை அங்கேயே நின்றுவிடும். போல்ட்டுக்கு அவ்வளவுதான் இறுக்கம் என்று அவள் நம்பியிருந்தாள்.

"ஏங்க, அந்தப் பைப்ப எடுங்க."

ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமான பைப்பை மாட்டினாள். நடு போல்ட்டில் ஆரம்பித்தாள்.

கிறீச்.

அவள் பாதங்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின. அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒரு காலை டயரில் ஊன்றி, பைப்பைப் பிடித்து இழுத்தாள். இரும்பு முனகியது. இன்னும் இழுத்தாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுற்றிச் சுற்றி, இனி அசையமாட்டேன் என்று ஒவ்வொரு போல்ட்டும் சொல்லும்வரை.

சங்கிலிமுத்து கைப்பிடி போட்டுச் சுற்றினான். என்ஜின் இருமியது, கரும்புகையைத் துப்பியது, பிடித்துக்கொண்டது.

அவள் புதிதாக ஓர் ஐப்பசி மாதத்தை எடுத்து அடியில் விரித்தாள்.

சூடு காட்டும் முள் எழுந்தது. முன்பெல்லாம் சொட்டு விழுந்த கோட்டைத் தொட்டது. தாண்டியது. பாதிக்கு வந்து, அங்கேயே குடியிருக்க வந்ததுபோல நின்றது.

ஹெட்டின் ஓரத்தில் சட்டென்று விரலை ஓட்டி எடுத்தாள். விரல் சுட்டது. ஈரம் இல்லை.

தாளில் ஐப்பசி முழுவதும் காய்ந்து கிடந்தது.

அவள் ஸ்பேனரைத் தலைக்கு மேலே தூக்கி, துவைக்கிற கல்லில் ஓங்கி எறிந்தாள்.

ணங்!

தெருநாய் ஒன்று அலறிக்கொண்டு ஓடியது. வேறு எதுவும் நடக்கவில்லை. எதுவுமே வெடிக்கவில்லை. அவள் போய் அதை எடுத்துவந்து இன்னொரு தடவை எறிந்தாள்.

"எங்க அண்ணங்கிட்டப் போய்ச் சொல்லுங்க!" சங்கிலிமுத்து இரைச்சலுக்கு மேலே கத்தினான். "லாரிய அனுப்புன மனுசன் வந்து இதுல ஒரு சவாரி போகட்டும்னு!"

ஊர்க்காவலன் பொன்னுத்தங்கத்தைப் பார்த்தார். அவள் மும்முரமாக மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிருதேன் தம்பி," என்று சிரித்தபடி அவர் காலி லாரியில் ஏறினார்.

சங்கிலிமுத்துவின் அண்ணன் யாரென்றே அவருக்குத் தெரியாது. முந்தின நாள் சாயந்திரம் போனில் கேட்டது ஒரு பெண் குரல்.

"காலையிலயே வந்து வாசல்ல நில்லுங்க அண்ணாச்சி. உங்க லாரி கண்ணு முன்னால நின்னாத்தான் நான் இந்த ரிப்பேர முடிப்பேன்."