அப்பா பெயரில் ஓர் இணைப்பு

டிரில் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபோது இளையவளுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

சுண்ணாம்புத் தூள் அப்பாவின் போர்வை வரைக்கும் பறந்தது. ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்கச் செயலிழந்து கிடந்த அப்பா, ஒரு தரம் இருமிவிட்டு, நடக்கட்டும் என்று இடக்கையால் சைகை காட்டினார்.

துளை வழியே ஒரு மெல்லிய வயர் தலையை நீட்டியது. இந்த நூலுக்காகவா இத்தனை பாடு என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மருத்துவர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்த கையோடு வந்து உட்கார்ந்துவிடலாம். தேர்வெழுதியவர்களில் அவள்தான் முதலாவது. வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அது மட்டும்தான் கைகூடவில்லை.

விண்ணப்பித்தாள். மறுநாள் ஆள் வரும் என்றார்கள். விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுக்களைக்கும் நடையாய் நடந்ததுதான் மிச்சம், யாரும் வரவில்லை. திரும்ப விண்ணப்பித்தால், உங்கள் பெயரில் தர முடியாது என்று பதில் வந்தது. ஏன் என்று போனில் கேட்டாள். கம்ப்யூட்டர் ஏற்க மாட்டேன் என்கிறது என்று, யாரோ பெரிய அதிகாரியைச் சொல்வதுபோலப் பயபக்தியோடு சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

வேலை வேறு யாருக்கோ போயிற்று.

அன்றைக்கு அக்காதான் மடியில் போட்டுத் தேற்றினாள். நமக்குக் கொடுத்து வைக்கவில்லை, விட்டுத்தள்ளு என்றாள். அம்மா போன பிறகு தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். காப்பீட்டு அலுவலகத்தில் நாளெல்லாம் உழைத்து வீட்டைத் தாங்குகிறவள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இளையவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாதங்கள் கழித்து அதே தட்டச்சு நிறுவனம் மறுபடி ஆள் எடுப்பதாக அழைத்தது. இந்த முறை அப்பா பெயரில் இணைப்புக்கு விண்ணப்பித்தாள். அப்பாவும் தலையாட்டினார்.

அக்காவிடம் மூச்சு விடவில்லை. சந்தேகமெல்லாம் இல்லை. இன்னொரு தடவை தட்டிப்போனால் அக்காவும் சேர்ந்து உடைந்துபோவாள் என்ற பயம். கிடைத்துவிட்டால் சொல்லி அசத்தலாம் என்ற ஆசை.

இன்றைக்கு வந்திருந்த நெட்காரர் வாய் ஓயாத மனிதர். மகளின் படிப்பு, கம்பத்தில் கூடு கட்டி அவரைக் கொத்த வரும் காக்கை, வெயிலில் தான் கறுத்துப்போன கதை என்று ஏணியில் நின்றபடியே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் சொல்லித் தீர்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. வயர் முனையைப் பக்குவமாகச் சீவி, துடைத்து, பெட்டியில் சொருகினார். சிவப்பு விளக்கு சிமிட்டியது. இது பச்சையானால் உங்கள் பாடு, நெட்டின் பாடு என்றார்.

பச்சையானது.

வாசற்கதவும் திறந்தது.

செருப்பைக் கழற்றக் குனிந்த அக்கா, ஏணியையும் பெட்டியையும் பார்த்து அப்படியே நின்றாள். இளையவள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்தாள்.

அவளுக்கு முந்திக்கொண்டு நெட்காரர் எழுந்துவிட்டார். அவருடைய குரல் ஏனோ தணிந்துபோயிருந்தது.

"இது உங்க வீடாம்மா? அன்னைக்குத் தெருமுனையில என்னை நிறுத்தினது நீங்கதானே? நெட்டு கேட்ட தங்கச்சி தவறிட்டா, இனிமே யாரும் வராதீங்கன்னு அழுதீங்களே. வீட்டுப் பக்கம்கூட வராம திரும்பிட்டேன். ஆபீஸ்ல சொல்லி அந்தப் பேரையே எடுக்க வச்சேன்."

இப்போது மனசு பரவாயில்லையா என்று பரிவோடு விசாரித்தார்.

வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறீர்கள் என்று அக்கா சொல்லுவாள் என்று இளையவள் பார்த்தாள். அக்காவின் பார்வை அப்பாவின் கட்டிலுக்குப் போய், அங்கிருந்து தரைக்கு இறங்கியது.

அதிலேயே விளங்கிவிட்டது. இவள் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கட்டில் யார் தலையில் விழும் என்று அக்கா அன்றைக்கே யோசித்து முடித்திருக்கிறாள்.

பொய் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுதாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நெட்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றுகிறவர்போல இளையவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இவங்க தங்கச்சிதானாம்மா?"

இளையவள் அக்காவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இல்லைங்க. நான் பெரியவரைப் பாத்துக்கற ஆளு."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

மறுத்து ஒரு வார்த்தை வரும் என்று இளையவள் காத்திருந்தாள். நெட்காரர் சாமான்களைப் பைக்குள் போட்டு, ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டும் வரைக்கும் காத்திருந்தாள்.