ஒரே வீட்டில் இரண்டு விண்ணப்பம்

“ஸரந்தோஸ்! நீங்களா?” என்று கைப்பேசியில் குழைந்துகொண்டே அர்கிரோ பால்கனிக்குப் போனாள். போனவள் கண்ணாடிக் கதவையும் இழுத்து மூடிக்கொண்டாள்.

சமையலறையில் நின்றிருந்த அவள் கணவன் ஃபோட்டிஸுக்கு வயிறு எரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தலையைக் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ பேசினாள். நடுவில் ஒரு தடவை திரும்பினாள். அவன் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வேறொரு கணவனாக இருந்தால் அந்த ஸரந்தோஸ் மீது பொறாமைப்பட்டிருப்பான். ஃபோட்டிஸின் பொறாமை முழுக்க மனைவி மீதுதான். ஸரந்தோஸ், அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானியத்தைத் தீர்மானிக்கும் குழுவின் தலைவர். ஏதென்ஸிலிருந்து அந்த மனிதர் அவளைக் கூப்பிடுகிறார். தன்னைக் கூப்பிடவில்லை.

இருவரும் பத்ராஸ் என்ற துறைமுக நகரில் ஒரே பல்கலைக்கழகத்தில் நில அதிர்வை ஆராய்பவர்கள். வளைகுடாவின் அடியில் அதிர்வுமானிகளைப் பதிக்க அவள் பணம் கேட்டிருந்தாள். ஊருக்கு மேலே செங்குத்தாக நிற்கும் மலைச்சரிவில் கண்காணிப்பு நிலையங்கள் அமைக்க அவன் கேட்டிருந்தான். போன மழையில் அந்தச் சரிவு இறங்கிவந்து ஒரு பள்ளிக்கூடச் சுவரில் முட்டி நின்றது. அவனிடமிருந்த பழைய கருவிகள் அதைப் பதிவுகூடச் செய்யவில்லை.

கடைசிச் சுற்றில் இவர்கள் இருவரும், வடக்கே ஏதோ ஒரு குழுவும் மிஞ்சியிருந்தார்கள். பணம் ஒருவருக்குத்தான்.

படிக்கும் காலத்திலிருந்தே அவள் முதல், அவன் இரண்டாவது. ஆராய்ச்சிப் படகு வாங்க அவள் கேட்டாள், உடனே கொடுத்தார்கள். அவன் கேட்டபோதெல்லாம் ‘வருந்துகிறோம்’ என்றுதான் பதில் வந்தது. துறைமுகத்துக் காபிக்கடைக்காரன்கூட, “அர்கிரோவோட வீட்டுக்காரருக்கு ஒரு காபி!” என்றுதான் உள்ளே குரல் கொடுப்பான்.

அன்று சாப்பாட்டுக்கு அவள் எலுமிச்சைச் சாறு ஊற்றி, உருளைக்கிழங்கு போட்டு, ஆட்டுத்தொடையைச் சுட்டு வைத்திருந்தாள். பண்டிகையுமில்லை, ஞாயிற்றுக்கிழமையுமில்லை.

“என்ன விசேஷம்?”

“விசேஷம் என்ன, உனக்குப் பிடிக்குமேன்னு பண்ணினேன்.” பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

“ஸரந்தோஸ் என்ன சொன்னார்?”

“விண்ணப்பத்துல ஏதோ சந்தேகமாம். சாப்பிடு, ஆறிடும்.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெயித்தவள் தோற்றவனுக்குப் படைக்கும் விருந்து என்று அவனுக்குப் பட்டது. கறியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் கொறித்தான்.

மறுநாள் அவன் ஆய்வகத்தில் இருந்தபோது கைப்பேசி அடித்தது. ஸரந்தோஸ்!

“ஃபோட்டிஸ், விதிப்படி இதை நான் கேக்கவே கூடாது. நமக்குள்ள இருக்கட்டும். அர்கிரோவோட திட்டம் பிரமாதம். ஆனா அஞ்சு வருஷம் கடலே கதின்னு கெடக்கணும். அவங்களால முடியுமா? கூட வாழற ஆள் நீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

முடியும் என்ற ஒரு வார்த்தை போதும். அது அவன் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் காபிக்கடைக்காரனின் குரல் காதில் கேட்டது.

“மூளைக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது,” என்றான். “ஆனா படகு கொஞ்சம் ஆடினாப் போதும், வாந்திதான். போற எடமெல்லாம் படுத்தேதான் கெடப்பா. வேலையை மாணவர்கள்தான் பாக்கறாங்க.”

“அடடா! அப்படியா?” என்று இழுத்தார் ஸரந்தோஸ். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் பொய் ஏதுமில்லையே என்று ஃபோட்டிஸ் அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டது அவன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. மானியம் வடக்கே இருந்த அந்தக் குழுவுக்குப் போயிருந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது அர்கிரோ சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் தோற்று அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக எரிந்த வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

“ரெண்டு பேருக்குமே இல்லாமப் போச்சே, ஃபோட்டிஸ்,” என்று விம்மினாள். “அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை நெனச்சா… எல்லாம் என்னாலதான்.”

“உன்னாலயா? பைத்தியமா உனக்கு?” அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

“என்னாலதான்,” என்றான். “ஸரந்தோஸ் எனக்கும் போன் பண்ணினார். உன்னைப் பத்திக் கேட்டார். படகுல ஏறினாலே அவளுக்கு வாந்தி வரும்னு சொல்லிட்டேன். இந்தத் தடவையும் நீயே ஜெயிக்கப்போறேங்கிறதைத் தாங்க முடியல, அர்கிரோ. பொறாமை. வேற ஒண்ணுமில்ல. திட்டு, அடி, என்ன வேணா பண்ணு.”

அவள் அழுகை பட்டென்று நின்றது. கையை உருவிக்கொள்ளாமல் அவனையே வெறித்துப் பார்த்தாள்.

“உனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும்னு நான் சொல்லிட்டேன்.”