பழைய மாதிரி வருமா?

"தண்ணி சரியில்ல," என்று கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தான் ஹேமிஷ். "முதல் பாகத்துல ஆத்துக்குள்ள இறங்கினா நமக்கே உடம்பு நடுங்கும். இது என்னடான்னா பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

"நீ நடுங்கினது வீட்டுல ஹீட்டர் இல்லாததால," என்றாள் பிப்பா. "ஆனா நீ சொல்றதும் சரிதான். தண்ணி சரியில்ல."

டனீடன் நகரில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடி அறை அது. 'சாம்பல்காடு' என்ற வீடியோ விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனம் அங்கே இருந்தது. வாள், குதிரை, மந்திரம் எல்லாம் உள்ள ஒரு பெரிய கற்பனை உலகம். கதைப்படியும் போகலாம், மனம் போன போக்கிலும் திரியலாம். முதல் பாகம் வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. இரண்டாம் பாகத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று இணையத்தில் தினமும் சண்டை போடுகிற தீவிர ரசிகர்களில் மூன்று பேரை வரவழைத்திருந்தார்கள்.

ரேவா சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாகத்துக்கு அவள்தான் தலைமை. முதலாளி கிரேம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"முதல் பாகத்தைவிட மட்டம்னு ரசிகர்களே சொல்லிட்டா, அதோட மூடிடலாம் ரேவா. வெளியிட்டு அசிங்கப்பட என்னால முடியாது."

இப்போது அவர் பக்கத்து அறையில் ஒலிபெருக்கி வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செமிசி, நீ சொல்லு," என்றாள் ரேவா.

செமிசி ரக்பி பயிற்சிக்குப் போகும் வழியில் வந்தவன். வாயில் சீஸ் ரோல் இருந்தது. "எனக்கு வானம் பிடிச்சிருக்கு. அந்த நாணலுக்குப் பின்னால வெளிச்சம் மாறுது பாத்தீங்களா..."

"வானமா?" ஹேமிஷ் சட்டைக் கையை மேலே சுருட்டினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாம்பல்காட்டின் வரைபடத்தைப் பச்சை குத்தியிருந்தான். "முதல் பாகத்து வானத்தை நீ பாத்தியா இல்லையா? மழை வர்றதுக்கு முன்னாடி பறவைங்க எல்லாம் ஒரே பக்கமா திரும்பும். இதுல ஒரு காக்கா இருக்கா?"

"திரும்புமா என்ன?" என்றாள் ரேவா.

"என்னங்க, நீங்களே கேக்கறீங்க? பஸ் ஓட்டுற நேரம் போக மீதி நேரமெல்லாம் நான் அங்கதான் குடியிருந்தேன்."

"முதல் பாகத்துல அந்தக் கடைக்காரி!" பிப்பா குதித்தாள். "ஒரு தடவ அவகிட்ட திருடிட்டேன். அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. இங்க ஒரு படகுக்காரன் இருக்கானே, தலைல ஏறி மிதிச்சாலும் 'நல்லா இரு பயணி'ங்கறான். இவனுக்கு உயிரே இல்ல. நான் வேலை பாக்கற மிருக ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆமைக்குட்டிகூட இவனைவிட சுறுசுறுப்பு."

செமிசி ரோலை மென்றபடி யோசித்தான். "அப்படிப் பாத்தா... ஆமா, பழசு இன்னும் பெரிசா இருக்கும். இதுல பத்தடி நடந்தா சேறுதான்."

"வந்தான் பாரு வழிக்கு!" என்று ஹேமிஷ் அவன் முதுகில் தட்டினான்.

"சரி, இரண்டாம் பாகத்துல என்னதான் எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டாள் ரேவா.

"எல்லாம் புதுசா இருக்கணும்," என்றாள் பிப்பா.

"ஆனா எதையும் மாத்தக் கூடாது," என்றான் ஹேமிஷ்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை.

"கடைசியா ஒரு கேள்வி. முதல் பாகம் அளவுக்கு இது இருக்கா?"

பிப்பா ஜன்னலைப் பார்த்தாள். செமிசி விரலில் ஒட்டிய சீஸைத் துடைத்தான். ஹேமிஷ்தான் பேசினான்.

"கோவிச்சுக்காதீங்க ரேவா. அதோட கால்தூசிக்குக்கூட வராது. இதைச் செஞ்சவங்க யாரா இருந்தாலும் சரி, ஒரு நாளாவது உக்காந்து முதல் பாகத்தை விளையாடிப் பாத்திருக்கணும்."

மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். நிறுவனம் கொடுத்த டி-ஷர்ட்டை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு, தூறலில் தொப்பியை இழுத்துவிட்டபடி மூவரும் கிளம்பினார்கள். படியிறங்கும்போதும் அந்தக் கடைக்காரியைப் பற்றித்தான் பேச்சு.

கிரேம் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"எல்லாத்தையும் கேட்டேன். மூணு பேரும் ஒரே வார்த்தை. நீ உழைக்கலன்னு நான் சொல்லல ரேவா. ஆனா பேசினது பேசினதுதான். நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்லிடறேன்."

"சொல்லுங்க," என்றாள் ரேவா. மேசையில் கிடந்த ரோல் துணுக்குகளைக் கையால் கூட்டித் தட்டில் போட்டாள். "ஆனா அதுக்கு முன்னாடி நம்ம இரண்டாம் பாகத்தை யாருக்காவது விளையாடக் கொடுக்கணும்."

கிரேம் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நேரம் இவங்க விளையாடினது?"

"முதல் பாகம். அதுல தென்கோடி சதுப்பு நிலம். படத்தைக் கொஞ்சம் துலக்கி, தலைப்பை மட்டும் மாத்தி வச்சேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல செஞ்ச இடம் அது. இன்னிக்குத்தான் முதல் முதலா ஆளுங்க வந்து பாத்திருக்காங்க."