இன்னைக்கு வெட்டுன கறி

மோந்து பார்த்தே கறி எத்தனை நாள் பழசு என்று இளமாறன் சொல்லிவிடுவான். அவனுடைய யூடியூப் சேனல் அப்படித்தான் சொல்லிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எழுந்து வந்தான். மனைவி அகல்யா ஆட்டுக்கறியைப் பிய்த்து, உருளைக்கிழங்கோடு மொறுமொறுவென்று வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றியிருந்தாள்.

உடனே போனைச் சாய்த்து நிற்க வைத்து லைவ் தொடங்கினான்.

"இன்னைக்குக் காலையில வெட்டுன கறிங்க. மெஸ்காரங்க எங்க வீட்டுக்கு வந்து படிக்கணும்," என்றான், வாய் நிறைய.

நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

"நெசமாவே நல்லாருக்கா?" என்றாள் அகல்யா.

"அருமை."

"அப்ப முத்துமாரியக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க. நேத்து அவுக மெஸ்ல 'மூணு நாள் பழசு'ன்னு வீடியோ எடுத்து, சாட்சிக்குப் பார்சல் கட்டிட்டு வந்தீகளே, அந்தக் கறிதான் இது."

எண்ணெய்க் கையால் எத்தனை முறை தொட்டும் லைவ் அணையவில்லை.