ஏழாம் நம்பர் பாயின்ட்

"இதோட நாலாவது தடவை. உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"

அலாரம் மெக்கானிக் பையை இறக்கி வைப்பதற்குள் பிரின்சிபால் மேடம் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அலாரம் பொருத்தியவர் அந்த மெக்கானிக்தான். மொத்தம் பத்தொன்பது சென்சார் பாயின்ட். அதில் ஏழாம் நம்பர், ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் இருக்கும் கால் சுவிட்ச். வேண்டாத ஆள் யாராவது உள்ளே நுழைந்தால் ரிசப்ஷனில் இருப்பவர் அதை மிதிக்க வேண்டும். சைரன் அலறும், வகுப்பறைகளைப் பூட்டிக்கொள்வார்கள்.

வேண்டாத ஆள் ஒருவரும் வந்தபாடில்லை. இரண்டு மாதமாக அலாரம் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை அலறியது, ஒவ்வொரு முறையும் ஏழாம் நம்பரிலிருந்து. நேற்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று பயந்து ஓடி, படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது.

அதனால்தான் இன்று தாளாளரே வந்து மேடத்தின் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் சரியா இருக்குன்னா ஆள் சரியில்லைன்னு அர்த்தம்," என்றார் அவர், வெளியே ரிசப்ஷன் அம்மா காதில் விழும்படியாகவே. "இன்னிக்குப் பழுது எதுன்னு தெரியணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து அந்த நாற்காலியில வேற ஆள்."

ரிசப்ஷன் அம்மா எழுந்து ஒதுங்கி நின்றார். பதினாறு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். முகத்தில் ஈயாடவில்லை.

மெக்கானிக் மேஜைக்கு அடியில் புகுந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒயரை இழுத்துப் பார்த்தார். சுவிட்சைத் தட்டினார், உலுக்கினார். ஒரு குறையும் இல்லை.

"என்ன, இந்தத் தடவையும் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிடப் போறீங்களா?" மேலேயிருந்து கேட்டுவிட்டு மேடம் அறைக்குள் போனார்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அவர் பொருத்திய பாயின்ட்டை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இல்லாத பழுதை எங்கே போய்த் தேடுவது?

மேஜை மேல் போன் அடித்தது. ரிசப்ஷன் அம்மா பழக்கத்தில் வந்து உட்கார்ந்து எடுத்தார்.

போன மூன்று தடவையும் அவரை எழுப்பி நிறுத்திவிட்டுத்தான் மெக்கானிக் சோதித்திருந்தார். அவர் உட்கார்ந்திருக்கும்போது மேஜைக்கு அடியில் இருப்பது இதுதான் முதல் தடவை.

அந்த அம்மாவின் இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சின் விளிம்பில் டக் டக்கென்று இடித்தது. வலது காலை இடது கால்மேல் போட்டு அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியும் நிற்கவில்லை.

போனை வைத்தவர் குனிந்து பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"எத்தனை நாளாக்கா?"

"எட்டு மாசமா. இப்ப ரெண்டு மாசமா அதிகம். மாத்திரை சாப்பிடறேன். கை நல்லாத்தான் இருக்கு தம்பி, வேலையில ஒரு குறையும் வைக்கலை." "கால்தான் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. சொல்லிடாதீங்க. என் ஒருத்தி சம்பளத்துலதான் வீடு ஓடுது."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கால் சுவிட்சைத் தரையிலிருந்து கழற்றினார். பையிலிருந்து மூடி போட்ட கை பட்டன் ஒன்றை எடுத்து, மேஜைப் பலகையின் உள்பக்கம் பொருத்தினார். மூடியைத் தூக்கிவிட்டு அமுக்கினால்தான் அடிக்கும்.

பிறகு தாளாளர் முன்னால் போய் நின்றார்.

"தப்பு என்னோடது, சார். ஏழாம் நம்பர் ஒயரை நான்தான் சரியா முறுக்காம விட்டிருக்கேன். பக்கத்துல யாராவது நடந்தாலே ஆடி, அலாரம் அடிச்சிருக்கு. அந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்லை. மாத்திட்டேன். இனிமே அடிக்காது."

"எழுதிக் கொடுங்க," என்றார் மேடம் உடனே.

எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவமானமாக இருந்தது.

"மூணு தடவை வந்தும் சொந்தத் தப்பு கண்ணுல படலையா? ஒரு குழந்தைக்குப் பல்லு போச்சு! உங்க கம்பெனிக்கு லெட்டர் போடறேன், பாருங்க!" மேடம் போட்ட சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

தாளாளர் தாளைப் படித்துப் பார்த்தார். "மெஷின்தான்னா சரி. அந்த அம்மாவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மெக்கானிக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வண்டியைக் கிளப்பும்போது மேடம் வேகவேகமாக வருவது தெரிந்தது. திட்டு இன்னும் பாக்கி இருக்கிறது போலும்.

"மேடம், அந்த லெட்டர் மட்டும்..."

"என்ன லெட்டர்? அதெல்லாம் யாரும் போடலை." மேடத்தின் கண் கலங்கியிருந்தது. "அவங்க காலைப் பத்தி எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்ப்பா. தாளாளர்கிட்ட காட்ட ஒரு பழுது வேணும்னுதான் திரும்பத் திரும்ப உங்களைக் கூப்பிட்டேன். வாய்விட்டுக் கேக்கவும் துணிச்சல் வரலை. நீங்களானா ஒவ்வொரு தடவையும் உண்மையையே எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டு இருந்தீங்க!"