ரசக்குப்பி

பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டி, சாம்பிராணிச் சட்டியில் கங்கு அள்ளிக்கொண்டு வந்த ராக்கம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். மாடக்குழியில் இருந்த குப்பியைக் காணோம். அது வீடு கூட்ட வந்த சுருளியம்மாளின் சேலை மடியில் துருத்திக்கொண்டிருந்தது.

"கூட்டிப் பெருக்க வந்தவளுக்கு மாடக்குழியில என்ன சோலி?"

ராக்கம்மாள் குப்பியைப் பிடுங்கிக்கொண்டாள். உள்ளே பாதரசம் தளதளவென்று ஆடியது.

அது லேசில் கிடைத்த பொருளா என்ன? கம்பம் ஊரில் ராக்கம்மாளின் புருஷன் கோட்டைச்சாமி நடத்தும் சினிமாக் கொட்டகையில், மிஷினுக்குக் கரண்டு மாற்றிக் கொடுக்கிற பெரிய கண்ணாடி பல்பு ஒன்று உண்டு. நீல வெளிச்சம் அடிக்கும். போன மாசம் அது வெடித்துச் சிதறி, உள்ளே இருந்த பாதரசம் தரையெல்லாம் உருண்டு ஓடியது. கொட்டகையையும் கூட்டுகிற சுருளியம்மாள்தான் வழித்து அள்ளினாள். முதலாளி அதைக் குப்பியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சாம்பிராணிக் கங்கில் ஒரு துளி பாதரசம் விட்டுப் பிள்ளைக்குப் புகை காட்டினால் எந்தத் தோஷமும் அண்டாது என்று உள்ளூர் வைத்தியர் சொல்லியிருந்தார். கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. ராக்கம்மாள் சும்மா இருப்பாளா? தினமும் புகை போட்டாள்.

ஆனால் கொஞ்ச நாளாகப் பிள்ளை பால் குடிக்கவில்லை. ஈறு வீங்கி எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. புகை பத்தவில்லை போல என்று இன்றிலிருந்து இரண்டு துளியாக விட நினைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்தா இவள் கை வைக்க வேண்டும்?

சத்தம் கேட்டுக் கோட்டைச்சாமி வந்தார்.

"அள்ளும்போதே நீ கொஞ்சம் முந்தானையில முடிஞ்சிட்டேன்னு கொட்டகையில சொன்னாக. நான் நம்பல. நெசமா?"

"நெசந்தான் மொதலாளி."

"அது பத்தாம இதையும் எடுக்க வந்தியாக்கும்?"

"ஆமா."

"என்ன தெனாவெட்டு பாருங்க இவளுக்கு" என்றாள் ராக்கம்மாள்.

"இனி கொட்டகைப் பக்கம் தல காட்டாத. போ" என்றார் கோட்டைச்சாமி.

சுருளியம்மாள் போகவில்லை. கங்குச் சட்டியையும் பிள்ளை கிடந்த தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏத்தா, பச்சப்பிள்ள மருந்துல கை வைக்க எப்பிடி மனசு வந்துச்சு? நீயும் பிள்ள பெத்தவதான?" என்றாள் ராக்கம்மாள்.

"பெத்தவதான் தாயி. வைத்தியர் ஒங்களுக்குச் சொன்னதக் கேட்டுத்தான் நானும் எம்பிள்ளைக்குப் புகை போட்டேன். பால் குடிக்கல. ஈறு வீங்கி, எச்சி ஒழுகி, கைத்தோலு உரிஞ்சிருச்சு."

ராக்கம்மாளின் கை தானாகத் தொட்டில் கயிற்றைப் பிடித்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். பாதரசப் புகை வெசம், மொதல்ல நிப்பாட்டுன்னு வஞ்சாக டாக்டரு. நிப்பாட்டுன பெறகு முந்தாநாத்துதான் எம்பிள்ள பால் குடிச்சான்."

"இத வந்து சொல்ல வேண்டியதுதான?" கோட்டைச்சாமி குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா என் திருட்டு வெளிய வந்திரும் மொதலாளி, வேல போயிரும். அதோட, வைத்தியர விட்டுட்டு வெளக்கமாறு பிடிக்கிறவ பேச்ச நம்புவீகளா? எடுத்துட்டுப் போயி எங்கனயாச்சும் பொதச்சிருவம்னுதான் வந்தேன்."

ராக்கம்மாள் கங்குச் சட்டியை வெளியே தள்ளி வைத்தாள்.

சுருளியம்மாள் சேலையை உதறிச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"எம்பிள்ளைக்குன்னு ஒருவாட்டி திருடுனேன் தாயி. இன்னைக்குத் திருடுனது ஒங்க பிள்ளைக்கு."