தாய்மாமன் மடி

"இது இளம்பிள்ளை வாதம் இல்ல டாக்டர், நல்லாப் பாருங்க" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள் உலகம்மை.

செல்லப்பாவுக்குத் தாங்கவில்லை. மகன் இசக்கியைக் காய்ச்சலோடு குற்றால அருவியில் பிடித்து நிறுத்தியவன் அவன்தான். அதற்குப் பிறகுதான் பையனின் கால் தளர்ந்துபோனது. அன்றிலிருந்து சாரல் காலத்தில்கூட செல்லப்பா அருவிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. புருஷன்மேல் பழி விழக்கூடாதென்றே இவள் டாக்டர் டாக்டராக அலைகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

மதராஸிலிருந்து தென்காசிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர், பையனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னார். இசக்கி முழங்காலைப் பிடித்து, தொடையில் கையூன்றி, தன் மேல் தானே ஏறுவதுபோல எழுந்தான். கெண்டைக்கால் மட்டும் பருத்திருந்தது.

"அம்மா வழியில ஆம்பளைப் பிள்ளைங்க யாருக்காவது இப்படி உண்டா? பரம்பரையா வர்ற நோயாவும் இருக்கலாம்."

"இவ வீட்டுக்கு ஒத்தப் பிள்ளை சார்" என்றான் செல்லப்பா. "தாய்மாமன் இல்லாம, காதுகுத்துக்கே பக்கத்து வீட்டுக்காரர் மடியிலதான் உக்கார வச்சோம். எல்லாம் நான் செஞ்ச பாவம்."

"அப்படிச் சொல்லாதிய." உலகம்மை அவன் கையைப் பிடித்தாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு, தொழுவத்துக் கதவ யாரு தட்டுதான்னு கேட்டியள்லா?"

"ஆமா. கன்னுக்குட்டி முட்டுதுன்னு சொன்ன."

"அது என் தம்பி. அவனும் இப்படித்தான் எந்திப்பான். ஒங்க கண்ணுல படக்கூடாதுன்னு உள்ள விட்டுத் தாழ் போட்டது நான்தான்."